மறுபடியும் முதல் பாட்டு

'இந்தப் பாடலை இசைக்க இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை.'

லிஃப்ட்காரர் அந்த வரியை மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். வரி அசைந்து கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பாட்டு. சொந்த வீடு, சொந்த லேப்டாப், சொந்தக் காது. நடுவில் அனுமதி கொடுக்க இவன் யார்?

"என்ன சொல்லுது?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"யோசிக்குது."

"பொய். நீங்க பொய் சொன்னா மூக்கால பேசுவீங்க."

பதில் தேடுவதற்குள் சமையலறையில் ஏதோ விழுந்து உருண்டது. டம்ளராக இருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நாளாகவே வீட்டில் எது விழுந்தாலும் பேசுவதில்லை.

உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகளை ரிப்பேர் செய்வது அவர் தொழில். நடுவழியில் நின்றுபோன பெட்டிகளிலிருந்து எத்தனையோ பேரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். மனைவிக்குப் பெண்களுக்கு முடி வெட்டும் கடை. அவள் கத்தரிக்கோல் பிடித்தால் வேறு யார் கையிலும் தலையைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. அந்தக் கத்தரிக்கோல்தான் போன மாதம், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதை ஒட்டி நழுவித் தரையில் விழுந்தது. வலது கை மரத்துப் போயிருந்தது. கழுத்து எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் என்கிற ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் சர்ஜன். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை.

"ஸ்கேன் படம் இல்லாம நான் கழுத்துல கத்தி வைக்க மாட்டேன். தள்ளிப் போட்டா விரல் திரும்பி வரும்னும் உத்தரவாதம் கிடையாது."

படம் எடுக்க இரண்டு முறை போனார்கள். இரண்டு முறையும் எடுக்க முடியவில்லை.

அந்த இயந்திரம் ஒரு நீளமான குழாய். ஆளைப் பலகையில் படுக்க வைத்து, முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, உள்ளே தள்ளுவார்கள். முதல் முறை பலகை பாதி நகர்வதற்குள் அவள் கத்திவிட்டாள். அடுத்த முறை கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தாள். பிறகு கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினாள். அமுக்கினால் மணி அடிக்கும், வெளியே இழுத்துவிடுவார்கள்.

"சத்தம் கூடப் பரவாயில்லைங்க. உள்ள எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியல, அதான் பயம். என்னை மறந்துட்டு எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்களோன்னு தோணுது."

மயக்கம் கொடுத்து எடுக்கலாம் என்றால் அவளுக்கு ஆஸ்துமா. வேண்டாம் என்றுவிட்டார்கள். "நான் உள்ள வந்து அவ காலைப் பிடிச்சுக்கறேன்" என்று லிஃப்ட்காரர் முன்வந்தார். ஸ்கேன் அறையின் டெக்னீஷியன், சிறு வயதுப் பெண், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், கிரைண்டிங் வேலை பார்ப்பீங்களா? கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் பட்டிருக்கா?"

"எங்க வேலைல அது படாம இருக்குமா? ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில எடுத்திருக்காங்க."

"எடுத்தது சரி. எடுக்காம ஏதாவது தங்கியிருந்தா? இந்த மெஷினே பெரிய காந்தம் சார். கண்ணைக் கிழிச்சிரும். நீங்க இந்தக் கதவைத் தாண்டவே கூடாது."

அப்போதுதான் மனைவி பாட்டு கேட்கலாமா என்று விசாரித்தாள். கேட்கலாம். உள்ளே போகிறவர்களுக்கென்றே பிளாஸ்டிக் ஹெட்போன் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு குட்டி பிளேயர் பாடும்.

"ஆனா மெமரி கார்டுலதான் கொண்டு வரணும் மேடம். சாதா எம்பி3. போன்ல வேண்டாம், அந்த ரூம்ல டவரே எடுக்காது. வேற பிளேயர் எதையும் எங்க பெட்டியில மாட்டவும் முடியாது."

"என்கிட்ட ஆறு பாட்டு இருக்கு. அது போதும்" என்றாள் மனைவி. வீட்டுக்கு வரும் வழியில் விளக்கமும் சொன்னாள். "தினம் கடையைக் கூட்டும்போது அதைத்தானே போடுறேன்? ஒவ்வொண்ணும் எப்போ முடியும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆறும் முடியற நேரந்தான் ஸ்கேனும். நாலாவது பாட்டு ஓடினா இன்னும் ரெண்டுதான்னு தெரிஞ்சிரும். கடைசிப் பாட்டு வந்தா கதவு திறக்கப் போறாங்கன்னு அர்த்தம். இவ்வளவு தெரிஞ்சா போதுங்க, படுத்துருவேன்."

நாளைக் காலை மூன்றாவது முறை. அதுவும் தவறினால் ஆபரேஷன் தேதி போய்விடும்.

அந்த ஆறு பாட்டுதான் இப்போது அனுமதி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

பாட்டு வாங்கியது அவளுடைய தம்பி. வெளியூரில் ஆபீஸ் வேலை. பல வருஷத்துக்கு முன்பு, சோப்புக்கட்டி அளவில் ஒரு பிளேயரைப் பரிசாகக் கொடுத்து, இணையத்தில் ஒரு பாட்டுக் கடையில் கணக்குத் திறந்து, அக்காவுக்குப் பிடித்த ஆறையும் விலை கொடுத்து ஏற்றித் தந்தான்; கோப்புகளின் நகலையும் அனுப்பி வைத்திருந்தான். அந்தப் பிளேயர் இன்னும் பாடுகிறது, சார்ஜர் செருகியிருக்கும் வரைக்கும். ஆனால் அதில் கார்டு கிடையாது. பாட்டை வெளியே விடவும் விடாது.

லிஃப்ட்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மொபைல் கடைக்குப் போனார். கடைக்காரர் கோப்புகளை கார்டில் ஏற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு பிளேயரில் செருகினார். பிளேயர் வாயே திறக்கவில்லை. இன்னொன்று. அது 'தெரியாத வகை' என்றது. மூன்றாவது, பாட்டின் பேரை மட்டும் காட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவியது.

"லாக் போட்ட பாட்டுண்ணே. வாங்கினவங்க கணக்குல போய்த் திறந்தாதான் பாடும். நீங்க ஏன்ணே காசு குடுத்து வாங்கினீங்க? சும்மா இறக்கியிருந்தா இந்நேரம் பாடியிருக்கும்."

"சரி, இப்போ சும்மா இறக்கிக் குடுங்க."

கடைக்காரர் தேடினார். கழுத்தைச் சொறிந்துகொண்டே வேறு இடத்திலும் தேடினார். "இது எங்கயுமே இல்லியேண்ணே. பாடினவங்க கலைஞ்சு போயிட்டாங்க போல. அதே மாதிரி ஐயாயிரம் பாட்டு தர்றேன், எடுத்துக்கறீங்களா?"

"ஆறு கேட்டா ஐயாயிரம் தர்றீங்க. எனக்கு ஆறுதான் வேணும்."

வீட்டுக்கு வந்து மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"பாஸ்வேர்டா? மாமா, நேத்து மாத்தினதே எனக்கு ஞாபகம் இல்ல."

"அப்போ அது ஒரு கேள்வி கேட்குது மாப்ள. பதில் சொன்னா திறக்குமாம். 'சிறு வயதில் வீட்டில் உங்களை எப்படி அழைப்பார்கள்?'"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாப்ள? இருக்கியா?"

"வேற கேள்வி கேட்கச் சொல்லுங்க மாமா."

"நான் சொன்னா அது கேட்குமா? பதிலைச் சொல்லுடா."

"அழுமூஞ்சி!" பின்னாலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "பள்ளிக்கூட வாசல்ல தினம் ஒரு கச்சேரி வைப்பான். தெருவே வேடிக்கை பார்க்கும்."

"ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க? மாமா, இங்க ஆபீஸ் ஆளுங்க இருக்காங்க!"

"அவங்களுக்கும் தெரியட்டும்" என்றாள் அக்கா.

லிஃப்ட்காரர் விரலை விசைப்பலகை மேல் வைத்தார். பிறகு எடுத்தார். "டேய், இதை இங்கிலீஷ் எழுத்துலதானே அடிச்சிருப்பே? 'ழு'வுக்கு என்ன போட்டே? இசட் எச்சா, வெறும் எல்லா?"

"இசட் எச்சாத்தான் இருக்கும்."

"அவனுக்கு 'ழ' வராதுங்க. 'அலுமூஞ்சி'ன்னுதான் சொல்லுவான்."

"அக்கா, சொல்றது வேற, எழுதுறது வேற!"

"'மூ'வுக்கு ரெண்டு ஓவா, ஒரு யூவா?"

"ரெண்டு ஓ... ஒரு யூ... மாமா, நான் என்னத்தைக் கண்டேன்?"

"'ஞ்சி'க்கு?"

"என் ஜே ஐ. இல்ல, என் சி எச் ஐ. அப்போ எனக்கு நியூமராலஜி பித்து வேற மாமா. நடுவுல ஒரு எச் கூடச் சேர்த்திருப்பேன்."

தமிழில் எழுதினால் அவன் ஒரே ஒரு அழுமூஞ்சிதான். இங்கிலீஷ் எழுத்தில் ஒரு படையே அணிவகுத்து நின்றது. லிஃப்ட்காரர் அதில் ஒருவனைப் பிடித்து அனுப்பினார். தவறு. இன்னொருவன். தவறு. மூன்றாமவனை அனுப்பும் முன் கண்ணை மூடிக்கொண்டார்.

'பாதுகாப்புக் கருதி உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது. இரண்டு நாள் கழித்து முயலவும்.'

மனைவி அவர் தோளுக்கு மேலே குனிந்து அதைப் படித்தாள். இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மாமா..." போனில் மைத்துனன் குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பழைய பிளேயர் பாடுதுல்ல? அது பாடும்போது அதோட ஹெட்போன் ஓட்டையிலருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர் போடுங்க. அது பாடப் பாட இது பதிவு பண்ணட்டும். புதுசா, பூட்டு இல்லாம."

"இதை முதல்லயே சொல்ல மாட்டியாடா?"

"முதல்லயே என்னைப் பேச விட்டீங்களா?"

ஒயர் லிஃப்ட்காரருக்குப் பழக்கமான சங்கதி. கருவிப் பையில் இருந்த துண்டுகளை ஒட்டுப் போட்டு ஒன்று தயார் செய்தார். சோப்புக்கட்டிப் பிளேயரைச் சார்ஜரோடு கட்டிப்போட்டார். முதல் பாட்டை ஓட விட்டு, லேப்டாப் திரையில் பச்சைக் கோடு துள்ளுவதைப் பார்த்தபோது அந்தச் சாயங்காலத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

ஒவ்வொரு பாட்டாகப் பதிந்தார். ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பேர் வைக்கச் சொல்லி லேப்டாப் கேட்டது. பாட்டின் உண்மையான பேர் அவருக்குத் தெரியாது. மனைவி சொல்வது போலவே, இங்கிலீஷ் எழுத்தில், ஆள்காட்டி விரலால் தட்டினார். முதல். ரெண்டாவது. மூணாவது. நாலாவது. அஞ்சாவது. கடைசி. இதில் எழுத்துப் பிழை பார்க்க எவனும் வரமாட்டான் என்று நினைக்கும்போது சிரிப்புக் கூட வந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். ஆறும் பாடின.

"தயார்" என்று கார்டை நீட்டினார். அவள் அதை வாங்கி இடது கைக்குள் மூடிக்கொண்டாள்.

காலையில் அவள் தயங்காமல் நடந்து உள்ளே போனாள். கட்டுப்பாட்டு அறையில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். குழாய்க்கு வெளியே அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. டெக்னீஷியன் பெண் கார்டைப் பிளேயரில் செருகிப் பொத்தானை அழுத்தினாள். அறையின் சின்ன ஸ்பீக்கரிலும் பாட்டு மெல்லக் கேட்டது.

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார்.

"இது முதல் பாட்டு இல்லம்மா."

"என்ன சார்?"

"இது அஞ்சாவது. நேத்துதானே பதிஞ்சேன். மாத்துங்க, முதல்ல இருந்து போடுங்க!"

இயந்திரம் அதற்குள் சம்மட்டி அடி அடிக்க ஆரம்பித்திருந்தது. "ஓடிட்டிருக்கு சார். இப்போ பாட்டு நின்னா அவங்களுக்கு இந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அசைஞ்சுட்டா மறுபடி எடுக்கணும்."

முதல் பகுதி முடிந்த இடைவெளியில் டெக்னீஷியன் மைக்கில் கேட்டாள். "மேடம், நல்லா இருக்கீங்களா?"

"ம்" என்று வந்தது.

"வரிசை தப்பிப் போச்சுன்னு சொல்லுங்களேன்" என்று லிஃப்ட்காரர் கெஞ்சினார்.

"நல்லா இருக்கேங்கறாங்களே சார். இப்போ போய் ஏதோ தப்புன்னு சொன்னா அதுக்கே பயந்துருவாங்க."

அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. அடுத்த பகுதி தொடங்கியது. இரண்டாவதாக வந்த பாட்டைக் கேட்டதும் அவர் ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்தார். கடைசிப் பாட்டு. குழாய்க்கு வெளியே மனைவியின் கால் கட்டைவிரல் உற்சாகமாகத் தாளம் போட்டது. முடியப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் பாதிகூட ஆகவில்லை.

அந்தப் பாட்டு முடிந்தது. கதவு திறக்கவில்லை. மூணாவது பாட்டு வந்தது. கட்டைவிரல் நின்றுவிட்டது. பாதம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. லிஃப்ட்காரர் எழுந்து கண்ணாடியில் கை வைத்தார். பெட்டிக்குள் ஆள் மாட்டினால் அவரிடம் சாவி இருக்கும். கையால் சுற்றி இறக்கச் சக்கரம் இருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் கதவிடுக்கில் வாயை வைத்து, "இருக்கேன், பயப்படாதீங்க" என்றாவது கத்தலாம். இங்கே வாய் இருந்தும் பயனில்லை.

"இன்னும் எவ்வளவும்மா?"

"ரொம்பக் கொஞ்சம் சார். அசையாம இருந்ததால நினைச்சதைவிடச் சீக்கிரம் போகுது. இது முடிஞ்சா ஒரே ஒரு பகுதி."

அந்தப் பகுதி முடிந்தது. மூணாவது பாட்டும் முடிந்து அடுத்தது எழுந்தது. முதல் பாட்டு. அந்தப் புல்லாங்குழல் ஆரம்பம்.

மணி அலறியது.

பலகை வெளியே வந்தபோது அவள் முகம் நனைந்திருந்தது. டெக்னீஷியன் ஓடிப்போய்க் கூண்டைக் கழற்றினாள். லிஃப்ட்காரர் வாசற்படி வரை போய்ச் சட்டென்று நின்றார். கதவு திறந்துதான் இருந்தது.

"எதுக்கு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சீங்க?" அவள் குரல் கிழிந்து வந்தது. "கடைசிப் பாட்டு முடிஞ்சிருச்சே! முடிஞ்சிருச்சுன்னு நிம்மதியாப் படுத்திருந்தேன். எடுத்தது சரியா வரலைன்னு திரும்ப முழுசும் எடுக்கறீங்களா?"

"இல்ல மேடம், எல்லாம் நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு பகுதிதான் பாக்கி. டாக்டர் முக்கியமாக் கேட்டது அதுதான்." டெக்னீஷியன் திரும்பி வந்து பிளேயரின் சின்னத் திரையைப் பார்த்தாள். வாய்விட்டுப் படித்தாள். "அஞ்சாவது... கடைசி... மூணாவது... முதல்... இது என்ன சார் வரிசை?"

"நான் வரிசையாத்தானேம்மா பேர் வெச்சேன்?"

"அதுக்கு நம்ம அஞ்சும் ஆறும் தெரியுமா சார்? அது ஏபிசிடி வரிசைல பாடும். ஏ-ல அஞ்சாவது. கே-ல கடைசி. எம்-ல மூணாவதும் முதலும். நம்பர் போட்டிருந்தா ஒழுங்காப் பாடியிருக்கும்."

லிஃப்ட்காரர் வாசற்படியில் நின்றபடி மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூக்கால் பேசுவதற்குக் கூட ஒரு பொய் கிடைக்கவில்லை.

"நான்தான்மா. பேர் வெச்சது தப்பாப் போச்சு."

"என்னை உள்ள தள்ளிட்டு எண்ணிக்கையைக் கலைச்சு விட்டுட்டீங்க" என்றாள். அதில் கோபம் கூட இல்லை. பலகையின் விளிம்பைப் பிடித்திருந்த வலது கை அவள் கவனிக்காமலே நழுவியது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை சரியான பாட்டை நானே பார்த்துப் போடுறேன் மேடம்" என்றாள் டெக்னீஷியன்.

"வேண்டாம். அந்தப் பெட்டியை இனி நம்ப மாட்டேன். காதுல ஒண்ணும் மாட்டாதீங்க." புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "பாக்கி எவ்வளவு நேரம்?"

"ஒரு பாட்டு நேரம்தான் மேடம்."

"எந்தப் பாட்டு? ரெண்டாவது மாதிரி நீளமா, நாலாவது மாதிரியா?"

டெக்னீஷியன் விழித்தாள். "நாலாவது மாதிரி" என்றார் லிஃப்ட்காரர் வாசலிலிருந்து. அவருக்கும் தெரியாது. மூக்கால்தான் வந்தது. அவள் அவரை ஒரு நொடி பார்த்தாள். படுத்துக்கொண்டாள்.

காதுக்குப் பஞ்சு மட்டும் வைத்தார்கள். பலகை உள்ளே போனது. கதவு மூடியது. சம்மட்டி அடி ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் பாட்டு இல்லை. பாதங்கள் இரண்டும் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. ரப்பர் பந்து அவள் கைக்குள் இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. நேற்று முழுக்க உட்கார்ந்து கேட்ட நாலாவது பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது அடியிலேயே அஞ்சாவதின் மெட்டு உள்ளே புகுந்துவிட்டது.

இயந்திரம் ஓய்ந்தது. டெக்னீஷியன் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லிஃப்ட்காரருக்குக் கேட்கவும் பயம்.

"வந்துருச்சு சார்" என்றாள் கடைசியில். "படம் சுத்தமா இருக்கு."

பலகை வெளியே வந்தது. கதவைத் திறந்து, கூண்டைக் கழற்றி, "முடிஞ்சிருச்சு மேடம், எழுந்திரிங்க" என்று அவள் தோளைத் தொட்டாள் டெக்னீஷியன்.

மனைவி கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இடது கையைத் தூக்கி, இரு என்பது போல ஒரு விரலைக் காட்டினாள். அவளுக்குள் நாலாவது பாட்டு இன்னும் முடியவில்லை.

லிஃப்ட்காரர் வாசற்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றார்.